நேர்காணலுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது: படிப்பதா, பேசிப் பழகுவதா, பயிற்சியாளரிடம் போவதா?

நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும் பலர் செய்கிற முதல் வேலை, 'அடிக்கடி கேட்கப்படும் ஐம்பது கேள்விகள்' என்று தேடிக் கிடைத்ததையெல்லாம் போனில் சேமித்துக்கொள்வது. மிச்சமிருக்கும் நாட்கள் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பதிலேயே போய்விடும். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். எதிரில் மூன்று பேர் உட்கார்ந்து "சொல்லுங்க" என்றதும்தான் ஒரு வாக்கியம்கூட முழுதாக வராமல் திணற வேண்டியிருக்கும்.

இருக்கிற நேரத்தை எதில் போடலாம் என்று பார்த்தால் ஐந்து வழிகள் கண்ணுக்குத் தெரிகின்றன: கேள்வி பதில்களைப் படித்து மனப்பாடம் செய்வது, தனியாக வாய்விட்டுப் பேசிப் பழகுவது, தெரிந்தவரை வைத்து மாக் இன்டர்வியூ (ஒத்திகை நேர்காணல்) நடத்துவது, பணம் கொடுத்துப் பயிற்சியாளரிடம் போவது, ஏஐ செயலியோடு பழகுவது. ஐந்தையும் செய்ய நேரம் இருக்காது, தேவையும் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது, தனியாகப் பேசிப் பழகிவிட்டு அப்புறம் தெரிந்தவர் ஒருவரிடம் மாக் இன்டர்வியூ. மனப்பாடத்துக்குக் கடைசி இடம்தான். ஆனால் என்ன வகை நேர்காணல், உங்களுக்கு எங்கே தடுக்கிறது என்பதைப் பொறுத்து இந்த வரிசை மாறும்.

என்ன வகை என்று முதலில் கேளுங்கள்

பேச்சுப்போக்கில் நடக்கிற நேர்காணல் ஒன்று உண்டு. ரெஸ்யூமேயைப் புரட்டிக்கொண்டே, தோன்றுவதைக் கேட்பார்கள். இன்னொன்று கட்டமைக்கப்பட்ட நேர்காணல். வருகிற எல்லோருக்கும் ஒரே கேள்விகள். ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண் போட ஒரு தாள் மேசைமேல் இருக்கும்.

இரண்டாவது வகை பரவியதற்குக் காரணம் இருக்கிறது. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவர் வேலையில் எப்படிச் செயல்படுவார் என்பதை முன்கூட்டிக் கணிப்பதில் கட்டமைக்கப்பட்ட நேர்காணலுக்கு 0.51 என்றும், கட்டமைப்பில்லாததற்கு 0.38 என்றும் அதில் மதிப்பிட்டார்கள். இந்த எண் 1-ஐ நெருங்க நெருங்கக் கணிப்பு சரியாக இருக்கிறது என்று பொருள். 2022-ல் பால் சாக்கெட் குழுவினர் அந்தக் கணக்கையே திருத்திப் போட்டபோது எண்கள் 0.42, 0.19 என இறங்கின. ஆனாலும் அவர்கள் ஒப்பிட்ட தேர்வு முறைகளில் கட்டமைக்கப்பட்ட நேர்காணலே முதலிடத்தில் நின்றது.

நேர்காணலுக்குப் போகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தாளில் மதிப்பெண் போடுகிறவருக்கு உங்களைப் பிடித்திருந்தாலும், நீங்கள் வாயால் சொல்லாத எதற்கும் அவரால் மதிப்பெண் போட முடியாது. "நான் பொறுப்பானவன்" என்ற வரிக்கு அங்கே இடமில்லை. பொறுப்பாக நடந்துகொண்ட ஒரு சம்பவத்துக்குத்தான் இடம். பேச்சுப்போக்கில் நடக்கும் நேர்காணலில் முதல் சில நிமிடங்களும் பேச்சின் இயல்பும் கூடுதலாக எடுபடும், அங்கேயும் சம்பவம் சொல்பவரைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

எது நடக்கப்போகிறது என்று ஹெச்ஆரிடம் தாராளமாகக் கேட்கலாம். "எத்தனை சுற்று இருக்கும், யார் யார் இருப்பார்கள், செய்து காட்டுகிற மாதிரி தேர்வு ஏதாவது உண்டா?" என்று நான்கு வரி மெயில் போதும். இதைக் கேட்டதற்காக யாரும் குறைத்து எடைபோட மாட்டார்கள். கேட்காமல் போய், செய்முறைத் தேர்வு இருப்பதை அங்கே தெரிந்துகொள்வதுதான் இழப்பு.

மனப்பாடம்

இதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. கையில் ஒரு பட்டியல், ஒவ்வொன்றாக டிக் அடிக்கலாம், முன்னேறுவது தெரியும். பிரச்சினை என்னவென்றால், படிக்கும்போது வருகிற 'தெரிந்துவிட்டது' என்ற உணர்வு நம்பத் தகுந்ததாக இல்லை.

ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி இருவரும் 2006-ல் வெளியிட்ட சோதனை இதை நன்றாகக் காட்டுகிறது. மாணவர்களுக்குச் சிறு பத்திகளைக் கொடுத்தார்கள். சிலவற்றை இரண்டு முறை படிக்க வைத்தார்கள்; சிலவற்றை ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்ததே முந்தியது: 81 சதவீதம், மற்றதில் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழ். இரண்டு முறை படித்ததில் 42 சதவீதம்தான் நினைவில் நின்றது, எழுதிப் பார்த்ததில் 56. நேர்காணலுக்கு ஒரு வாரம் இருக்கிறவர் எந்தப் பக்கம் நேரத்தைப் போட வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது.

இன்னொரு குறை, மனப்பாடம் செய்த பதில் கேட்பவருக்குத் தெரிந்துவிடும். கேள்வி முடியும் முன்பே பதில் தொடங்கும், பேச்சின் வேகம் திடீரென்று கூடும், அதுவரை சாதாரணமாகப் பேசியவர் புத்தக வாக்கியங்களுக்கு மாறுவார். நடுவில் யாராவது குறுக்கிட்டு ஒன்று கேட்டால் விட்ட இடத்தைப் பிடிக்க முடியாது.

அதற்காக எதையுமே மனப்பாடம் செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதற்கான முதல் இரண்டு வாக்கியங்களை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. பதற்றம் உச்சத்தில் இருக்கும் நேரம் அதுதான், வாய் தானாகத் தொடங்கிவிட்டால் மீதி வந்துவிடும். உங்கள் வேலையில் வரும் எண்கள், தேதிகள், எதிர்பார்க்கும் சம்பளம் இவையும் தடுமாறாமல் வர வேண்டியவை. சம்பளத் தொகையைப் பலர் மனதில் மட்டும் வைத்திருப்பார்கள். அதை வாய்விட்டு ஒருமுறைகூடச் சொல்லிப் பார்க்காததால், கேட்ட நொடியில் குரல் இறங்கித் தாங்களே ஒரு குறைந்த தொகையைச் சொல்லிவிடுவார்கள்.

தனியாகப் பேசிப் பதிவு செய்வது

செலவில்லை, யாரையும் கேட்க வேண்டியதில்லை, நடு இரவிலும் செய்யலாம். இத்தனை வசதி இருந்தும் குறைவாகச் செய்யப்படுவது இதுதான், காரணம் கூச்சம். தன் குரலைத் தானே கேட்பது முதலில் யாருக்கும் பிடிப்பதில்லை. இரண்டாவது, மூன்றாவது பதிவில் அது பழகிவிடும்.

பேசத் தொடங்கும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சம்பவங்களைச் சேகரிக்க வேண்டும். வேலை விளம்பரத்தை எடுத்து அதில் கேட்டிருக்கும் திறமைகளுக்கு அடிக்கோடு போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வேலையிலோ படிப்பிலோ நடந்த ஒரு சம்பவம். ஐந்தாறு சம்பவங்கள் இருந்தால் ஐம்பது கேள்விக்கும் அதிலிருந்தே எடுத்துக்கொடுக்கலாம். 'சிக்கலான வாடிக்கையாளர்', 'குழுவில் கருத்து வேறுபாடு', 'நெருக்கடியில் எடுத்த முடிவு' மூன்றுக்குமே ஒரே சம்பவம் வேறு வேறு பக்கத்திலிருந்து பொருந்துவது உண்டு. சொல்லும் முறைக்கு ஸ்டார் என்று ஒரு பெயர் வழக்கத்தில் இருக்கிறது: சூழ்நிலை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு. வரிசை எளிமையானது. தவறுவது அளவில்தான். பெரும்பாலானவர்கள் சூழ்நிலையை ஒன்றரை நிமிடம் விவரித்துவிட்டுத் தாங்கள் செய்ததை ஒரே வரியில் முடிப்பார்கள்.

ஒரு கிடங்கில் வேலை பார்த்தவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். முதல் பதிவு இப்படி இருக்கும்: "எங்க கிடங்குல சரக்குக் கணக்கு சரியா இல்லாம இருந்துச்சு. நாங்க டீமா சேர்ந்து நிறைய உழைச்சு அதைச் சரி பண்ணோம். மேனேஜ்மென்ட் ரொம்பப் பாராட்டினாங்க." இதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் மதிப்பெண் போட ஒன்றும் இல்லை. கேட்டுப் பார்த்துவிட்டு, 'இதில் நான் என்ன செய்தேன்?' என்று தன்னையே கேட்டுக்கொண்டால் அடுத்த பதிவு மாறும்:

"மாசக் கடைசியில கம்ப்யூட்டர்ல இருக்கிற எண்ணிக்கையும் ரேக்ல இருக்கிற எண்ணிக்கையும் ஒத்துப்போகாது. வித்தியாசம் வர்ற பொருட்களை மட்டும் தனியா எழுதிப் பார்த்தேன். முக்கால்வாசி, வாடிக்கையாளர் திருப்பி அனுப்பின சரக்கு. வந்த அன்னிக்கே என்ட்ரி போடாம வாரக் கடைசியில மொத்தமா போட்டுக்கிட்டு இருந்தோம். சரக்கு இறக்குற இடத்துலயே என்ட்ரி போட ஒரு கம்ப்யூட்டர் கேட்டு வாங்கினேன். அடுத்த மூணு மாசம் வாரா வாரம் நானே எண்ணிப் பார்த்தேன். வித்தியாசம் விரல்விட்டு எண்ணுற அளவுக்கு வந்துடுச்சு."

அதே சம்பவம், அதே ஆள். இரண்டாவதில் கவனித்தவர் யார், காரணத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று தெரிகிறது. இந்த வேறுபாடு எழுதிப் படிக்கும்போது கண்ணில் படாது, பேசிக் கேட்கும்போது உடனே காதில் விழும். பதிவைக் கேட்கையில் குரல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். கேள்விக்கான விடை எப்போது தொடங்குகிறது, 'நாங்கள்' என்ற சொல்லுக்குப் பின்னால் நீங்கள் ஒளிந்திருக்கிறீர்களா, விளைவைச் சொல்லி முடித்தீர்களா என்று கவனியுங்கள். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் சூழ்நிலையில்தான் வெட்ட வேண்டியிருக்கும்.

இந்த வழியின் குறை, உங்களிடம் திருப்பிக் கேட்க யாரும் இல்லை என்பது.

தெரிந்தவரை வைத்து மாக் இன்டர்வியூ

அந்தக் குறை இங்கே தீர்கிறது. ஆனால் யாரைக் கேட்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள்மேல் அன்பு அதிகம் உள்ளவர் இதற்குச் சரிவர மாட்டார். "நல்லாத்தான் பேசுற" என்று முடித்துவிடுவார். அதே துறையில் இருப்பவர் கிடைத்தால் ஆழத்தைச் சோதிப்பார், நீங்கள் பூசி மெழுகிய இடத்தைச் சட்டென்று பிடிப்பார். துறைக்கு வெளியே இருப்பவருக்கும் ஒரு பயன் உண்டு: அவருக்குப் புரியவில்லை என்றால் முதல் சுற்றில் உட்காரும் ஹெச்ஆருக்கும் புரியாது. இரண்டு பேரும் கிடைத்தால் வெளியாளிடம் முதலில் போங்கள், துறைக்காரரிடம் அப்புறம்.

நண்பரிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்துவிட்டு 'இதைக் கேள்' என்றால் அது மறுபடியும் மனப்பாடப் பரிசோதனை ஆகிவிடும். வேலை விளம்பரத்தையும் உங்கள் ரெஸ்யூமேயையும் கொடுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் குறைந்தது இரண்டு குறுக்குக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கிடங்கு விஷயத்தையே எடுத்துக்கொண்டால்:

"கம்ப்யூட்டர் அங்க வைக்கிறதுக்கு யாரும் எதிர்ப்பு சொல்லலையா?"

"சொன்னாங்க. என்ட்ரி முடியுற வரைக்கும் வண்டி காத்திருக்கணும்னு டிரைவர்கள் கோபப்பட்டாங்க."

"அப்புறம்?"

"சரக்கை இறக்கிட்டு ரசீது நம்பரை மட்டும் வாங்கிக்கிட்டு வண்டியை அனுப்பிடுவோம். என்ட்ரியை அன்னிக்கு மாலைக்குள்ள முடிக்கணும்னு மாத்திக்கிட்டேன்."

இந்தக் கடைசிப் பதில்தான் அந்தச் சம்பவத்திலேயே சிறந்த பகுதி. மற்றவர்களின் சிரமத்தைக் காது கொடுத்துக் கேட்டு, தன் திட்டத்தைத் திருத்திக்கொண்ட ஆள் என்று அது காட்டுகிறது. தனியாகப் பேசிப் பழகியபோது அது வெளியே வரவே இல்லை. ஒருவர் கேட்டதால் வந்தது. மாக் இன்டர்வியூவை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான். நம் வேலையில் எது முக்கியம் என்று நமக்கே பல நேரம் தெரிவதில்லை. தினமும் செய்ததால் அது சாதாரணமாகத் தோன்றும்.

நடத்தும்போது முழுதாக நடத்துங்கள். நடுவில் சிரித்து, "இரு, இதைத் திரும்பச் சொல்றேன்" என்று நிறுத்த வேண்டாம். திணறினால் திணறியபடியே சமாளித்துத் தாண்டுவதும் பழக வேண்டிய ஒன்றுதான். விமர்சனம் எல்லாம் கடைசியில். ஆன்லைன் நேர்காணல் என்றால் மாக்கையும் வீடியோ அழைப்பிலேயே வையுங்கள். திரையில் குறிப்பைப் பார்த்துப் படிக்கும்போது கண் எப்படி நகர்கிறது என்பதை நண்பர் சொன்னால் அந்த எண்ணத்தையே விட்டுவிடுவீர்கள்.

பணம் கொடுத்துப் பயிற்சியாளர்

சிலருக்கு இது நிச்சயமாகப் பயன்படும். ஆலோசனை நிறுவனங்கள் ஒரு வணிகச் சிக்கலைக் கொடுத்துத் தீர்க்கச் சொல்லும் கேஸ் இன்டர்வியூ மாதிரி தனி இலக்கணம் உள்ள நேர்காணல், நீண்ட இடைவெளிக்குப் பிறகு வேலைக்குத் திரும்புவது, ஒவ்வொரு முறையும் இறுதிச் சுற்று வரை போய் அங்கேயே நின்றுவிடுவது, இந்த மூன்று நிலையிலும் வெளியிலிருந்து ஒரு தேர்ந்த கண் பார்ப்பது காசுக்குத் தகும். மாறாக, விண்ணப்பித்த இடங்களிலிருந்து அழைப்பே வரவில்லை என்றால் சிக்கல் ரெஸ்யூமேயிலோ, விண்ணப்பிக்கும் இடத்திலோ இருக்கிறது. நேர்காணல் பயிற்சி அதைச் சரிசெய்யாது.

சேரும் முன் அவர் உங்கள் துறையில் ஆள் எடுத்த அனுபவம் உள்ளவரா என்று கேளுங்கள். பயிற்சி முடிந்ததும் குறிப்பு எழுதித் தருவாரா என்றும் கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே தயார் பதில்களைத் தருகிறவரும், வேலை கிடைப்பதற்கு உத்தரவாதம் தருகிறவரும் வேண்டாம். அந்த உத்தரவாதம் அவர் கையில் இல்லை.

ஏஐ செயலி

கேள்வி கேட்க வைப்பதற்கு அருமையான கருவி. வேலை விளம்பரத்தைக் கொடுத்து, 'நீ இந்தப் பிரிவின் மேலாளர், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேள், என் பதிலில் தெளிவில்லாத இடத்தைக் குடை' என்றால் சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். நண்பர் கிடைக்காதவருக்கு இது பெரிய உதவி. முடிந்தவரை தட்டச்சு செய்யாமல் குரலில் பதில் சொல்லுங்கள்.

பதில் எழுத வைப்பதற்கு அது மோசமான கருவி. அது தரும் பதில் வழவழப்பாக இருக்கும், அதே வேலைக்கு விண்ணப்பித்த மற்றவர்களிடமும் ஏறக்குறைய அதே பதில்தான் இருக்கும். நிறுவனத்தைப் பற்றி அது சொல்லும் தகவலை, நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் சரிபார்க்காமல் நேர்காணலில் எடுத்துவிட வேண்டாம். இல்லாததை இருப்பதாகச் சொல்லும் பழக்கம் அதற்கு உண்டு. இப்போதைய நிறுவனத்தின் உள்விவரங்களையோ வாடிக்கையாளர் பெயர்களையோ அதில் போடவும் கூடாது. நேர்காணல் நடக்கும்போதே பக்கத்துத் திரையில் அதை ஓடவிட்டுப் பதில் சொல்வது நேர்மையில்லாத செயல். அப்படிக் கிடைத்த வேலையில் முதல் வாரமே தவிக்க வேண்டிவரும்.

செய்முறைத் தேர்வு இருந்தால்

மேலே சொன்ன வரிசை இங்கே மாறுகிறது. நிரல் எழுதுவது, மாதிரி வகுப்பு எடுப்பது, மொழிபெயர்ப்பது, கணக்கு முடித்துக் காட்டுவது என்று ஏதாவது செய்து காட்டச் சொல்வார்கள் என்றால், இருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அந்த வேலையைச் செய்து பார்ப்பதற்கே போக வேண்டும். நேரம் குறித்துக்கொண்டு, என்ன செய்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். விடை வராவிட்டாலும் போன பாதை சரியென்று தெரிந்தால் அதற்கும் மதிப்பு கொடுப்பவர்கள் உண்டு. அமைதியாக யோசித்துக்கொண்டிருந்தால் அந்தப் பாதை யாருக்கும் தெரியாது.

பதற்றத்தை என்ன செய்வது

அமைதிப்படுத்திக்கொள்வது ஒரு வழி, அந்தப் பரபரப்பையே உற்சாகமாக எடுத்துக்கொள்வது இன்னொரு வழி. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு உரை நிகழ்த்துவதற்கு முன் 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள், 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். இதயம் படபடக்கும்போது அதை அடக்கப் போராடுவதைவிடப் பெயரை மாற்றிவைப்பது எளிது. கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் இருவரும் 2003-ல் காட்டியது எனக்கு இன்னும் பிடித்தது: நம் பதற்றம் நாம் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரிவதில்லை, இந்த உண்மையை முன்கூட்டியே கேட்ட பேச்சாளர்கள், அதைக் கேட்காதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள்.

உடலை விரித்து அதிகாரமான தோரணையில் சிறிது நேரம் இருந்தால் உடலின் ஹார்மோனே மாறும் என்று 2010-ல் வந்த ஆய்வு மிகவும் பிரபலம். அதைவிட அதிகம் பேரை வைத்து 2015-ல் திரும்பச் செய்தபோது ஹார்மோன் மாற்றம் எதுவும் தென்படவில்லை, மூல ஆய்வாளர்களில் ஒருவரான டானா கார்னியே 2016-ல் தனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று எழுதிவிட்டார். அதற்கான ஐந்து நிமிடத்தில் ஒரு சம்பவத்தை இன்னொரு முறை சொல்லிப் பார்க்கலாம்.

நாட்களைப் பிரிப்பது

ஒரு வாரம் இருந்தால் முதல் நாள் விளம்பரத்தைப் பிரித்துச் சம்பவங்களைச் சேகரியுங்கள். அடுத்த மூன்று நாளும் தினம் கொஞ்ச நேரம் பேசிப் பதிவு. ஒரே நாளில் ஐந்து மணி நேரம் பேசுவதைவிட நாள்தோறும் அரை மணி நேரம் நன்றாக நிற்கும். ஐந்தாம் நாள் மாக் இன்டர்வியூ. ஆறாம் நாள் அதில் தடுக்கிய இரண்டு மூன்று இடங்களை மட்டும் சரிசெய்வது. கடைசி நாளை லேசாக வைத்துக்கொண்டு, நீங்கள் அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளை முடிவு செய்யுங்கள். 'இந்த வேலையில் முதல் மூன்று மாதத்தில் நான் எதை முடித்திருக்க வேண்டும்?' என்பது எந்த வேலைக்கும் பொருந்தும் நல்ல கேள்வி.

ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் விளம்பரத்தில் முக்கியமான மூன்று தேவைகளுக்கு மூன்று சம்பவங்கள், ஒவ்வொன்றையும் வாய்விட்டு இரண்டு முறை, போனில் யாராவது கிடைத்தால் குறுக்குக் கேள்வியோடு ஒரு முறை. ஐம்பது கேள்விப் பட்டியலைத் திறக்கவே வேண்டாம்.

முதல் சுற்று முடிந்து வெளியே வந்ததும், யாரிடமும் பேசும் முன், கேட்ட கேள்விகளையும் நீங்கள் சொன்ன பதில்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் சுற்றில் இருப்பவர்கள் முதல் சுற்றின் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தை மறுபடி குடைவது உண்டு. அந்தத் தாளோடு நண்பரிடம் போய், திணறிய கேள்வியிலிருந்தே அடுத்த மாக் இன்டர்வியூவைத் தொடங்கச் சொல்லுங்கள்.